கடைசிக் கட்டு என் கைப்பையில் இருந்தது

அடுப்படியில் நின்றபடியே நானூற்று அறுபது பக்கம் படித்த என் மதினிக்கு,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். கடைசிக் கட்டு என் கைப்பையில் இருந்தது. நீங்கள் கேட்டபோது பை என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஜிப்பைத் திறந்தால் கைக்கு வந்திருக்கும். நான் திறக்கவில்லை.

ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. திருநெல்வேலி ரயிலுக்கு நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். இட்லித் துணியைப் பிழிந்தபடி வாசல் வரைக்கும் வந்தீர்கள். அம்மாவின் காதில் விழாத குரலில், "ஏட்டி, அவ வெளிய வாராளா இல்லையா? அதை மட்டும் சொல்லு, மிச்சத்தை நான் படிச்சுக்கிடுதேன்" என்றீர்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டினேன்.

நான் எதையும் வெளியே சொல்லாதவள். இவ வாயில பூட்டு, சாவி கிணத்துல என்று நீங்களே கேலி செய்வீர்கள். அப்படிப்பட்டவள் உங்களுக்கு எழுதுவதை நாலு பேர் படிக்கும்படி ஏன் எழுத வேண்டும்? மறைத்து வைத்ததைப் பற்றி எழுதிவிட்டு அந்தக் கடிதத்தையும் மறைத்து வைத்தால், இன்னொரு தடவை ஜிப்பை மூடியதாகத்தான் ஆகும். அதனால்தான்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் படித்த நாவலில், பனிமலை உச்சியில் வானிலை பார்க்கும் ஒரு சின்னக் குடில். அங்கே வேலை பார்க்கும் பெண் தனியாக இருக்கும் நாளில் பனி சரிந்து குடிலையே மூடிவிடுகிறது. ரேடியோ பேசாது. கதவு திறக்காது. கொஞ்சம் மாவும் மெழுகுவத்தியும் மட்டும் இருக்கும். அப்படி ஐம்பத்திரண்டு நாள். கதை இவ்வளவுதான், ஆனால் ஐந்நூற்றுப் பத்துப் பக்கம். தமிழில் வந்ததும் தபாலில் வரவழைத்தேன். பார்சலைப் பிரித்தால் செங்கல் மாதிரி ஒரு புத்தகம்.

அவ்வளவு பெரிய புத்தகத்தை நம் வீட்டில் உங்களால் கையில் எடுக்க முடியாது. படிக்கக் கூடாது என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் உங்கள் கையில் புத்தகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கட்டிலில் கிடக்கும் அவளுக்கு வெந்நீர் வேண்டியிருக்கும், காலைப் பிடித்துவிட வேண்டியிருக்கும், உளுந்து வெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்.

பிளேடைக் கொண்டுவந்தது நீங்கள். புத்தகத்தின் முதுகில் பென்சிலால் கோடு போட்டு ஒன்பதாக அறுத்தீர்கள், கோணி ஊசியால் ஒவ்வொன்றையும் தனிக் கட்டாகத் தைத்தீர்கள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. புத்தகத்தை அறுக்கிறவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. "தேங்காய முழுசாவா திங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த கோட்டைப் போட்டீர்கள்.

ஒவ்வொரு கட்டையும் முதலில் ரயிலில் நான் படிப்பேன், பிறகு உங்களிடம் வரும். அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, குக்கரை ஏற்றியதும் எடுப்பீர்கள். பருப்பு என்றால் ஐந்து பக்கம். கொண்டைக்கடலை என்றால் பத்து. நம் வீட்டில் கொண்டைக்கடலை அடிக்கடி வேக ஆரம்பித்தது. வாரம் பூராவும் சுண்டலா, இது வீடா கோயிலா என்று அண்ணன் கேட்டபோது நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டோம், நினைவிருக்கிறதா?

ஐந்தாம் கட்டில் அந்தப் பெண் குழம்புக் கரண்டியை எடுத்துப் பனியைத் தோண்ட ஆரம்பிப்பாள். நீங்கள் அதை நம்பவில்லை. பின்கட்டில் கழிப்பறை கட்ட இறக்கிய மணல் மிச்சம் கிடந்தது. நம் கரண்டியால் அதைத் தோண்டிப் பார்த்தீர்கள். மூன்று விசில் நேரத்தில் முழங்கை ஆழம். கரண்டியின் காம்பு வளைந்துவிட்டது. அம்மா கேட்டதற்குக் களி கிண்டினேன் என்றீர்கள். களி எங்கே என்று அவள் கேட்கவில்லை, நல்லவேளை. "முடியும் மோளே, மெதுவா முடியும்" என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். சந்தோஷம் வந்தால் உங்களுக்கு இப்படி மலையாளம் கலந்த செங்கோட்டைப் பேச்சு வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் பள்ளிக்கூடத்துச் சேக்காளி கூப்பிட்டாள். கொல்லத்தில் ஒரு பெண்கள் விடுதி, அலுவலகத்தில் வேலை, தங்க அறை உண்டு, திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். பி.காம். முடித்த கையோடு கல்யாணமாகி நாலு வருஷம் சும்மா கிடந்த படிப்பு. மலையாளமும் பாதி வரும். அண்ணனிடம் கேட்டீர்கள். அவன் கோபப்படவில்லை. போலீஸ் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "இங்க உனக்கு என்ன குறை? எல்லாம் இருக்குல்லா" என்றான். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

புதன்கிழமை பாத்திரம் கழுவும்போது நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள், அவள் வெளியே வந்தால் நானும் போய்விடுவேன் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்கால ரயிலில்தான் கடைசிக் கட்டை முடித்திருந்தேன். அவள் வெளியே வந்துவிட்டாள்.

நீங்கள் போனால் அடுப்படி எனக்கு. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்த அம்மா எனக்கு. முனைவர் பட்ட ஆய்வில் அது எனக்கு இரண்டாம் வருஷம். நீங்கள் உள்ளே இருந்தால்தான் நான் தினமும் ரயில் ஏற முடியும். இதையெல்லாம் நான் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை. யோசித்திருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. ஆனால் மறுநாள் காலை நீங்கள் கேட்டபோது ஜிப்பின் மேல் இருந்த கை அசையவில்லை.

ஐப்பசியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார், நம்புகிறேன். கொல்லத்திலும் காய்ச்சல் வரும். ஆனால் அங்கே வந்திருந்தால் உங்கள் அறையில், உங்கள் கட்டிலில் படுத்திருப்பீர்கள். சுண்டல் வெந்துவிட்டதா என்று கண்ணைத் திறந்து கேட்டிருக்க மாட்டீர்கள். அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹெல்மெட்டை மடியில் வைத்து அதற்குள் முகத்தைப் புதைத்து அழுதான். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆய்வை நிறுத்திவிட்டேன். அடுப்படி எனக்கு வந்துவிட்டது.

இப்போது செய்திகள். அந்த நாவல் படமாக வந்திருக்கிறது. தென்காசியில் தமிழ் பேசி ஓடுகிறது. இன்னொரு செய்தியை நேராகச் சொல்லிவிடுகிறேன். வருஷ திதி முடிந்ததும் அண்ணனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். அம்மா இப்போது குச்சி ஊன்றி நடக்கிறாள், ஆனால் அடுப்புப் பக்கம் நிற்க முடியாது. எனக்கும் அதில் ஒரு கணக்கு இருந்தது. மறைக்கவில்லை. விட்ட ஆய்வைத் தொடர வேண்டுமானால் ஆடி முடிவதற்குள் வந்து கையெழுத்துப் போடு என்று என் வழிகாட்டி சொல்லியிருந்தார். வீட்டுக்கு ஒருத்தி வருவது உறுதியானால் கையெழுத்துப் போட்டுவிடலாம், ஆவணியில் கல்யாணம் முடிந்ததும் நான் போகலாம்.

பெண் வீரகேரளம்புதூர். பெயர் மாரிச்செல்வி. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் அப்பா, ஆடியில் முறைப்படி பெண் பார்ப்பது வேண்டாம், சொஜ்ஜி பஜ்ஜியும் வேண்டாம், சீசன் நன்றாக இருக்கிறது, இரண்டு வீடும் ஐந்தருவியில் குளித்துவிட்டு அப்படியே மத்தியானக் காட்சிக்குப் போவோம், பிள்ளைகள் பேசிக்கொள்ளட்டும் என்றார். ஊரே பார்க்கிற படம், அதையே பார்ப்போம் என்று அண்ணன் சொன்னான். அந்தப் படம் எது என்று போஸ்டரைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்தருவியில் அம்மா பைகளுக்குக் காவலாக வேனிலேயே இருந்தாள். அண்ணன் லீவில் இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. ஆண்கள் பக்கம், "நகருங்க, நகருங்க, அடுத்த ஆளுக்கு இடம் விடுங்க" என்று கூட்டத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, நீங்க குளிக்க வந்தீங்களா, குளிப்பாட்ட வந்தீங்களா" என்று யாரோ கேட்டது பெண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது. மாரிச்செல்வி சிரித்தாள். பாறை வழுக்குமென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீருக்கு அடியில் என்னமோ கேட்டாள். இரைச்சலில் எனக்குக் காதில் விழவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

தியேட்டரில் பாதிப் பேர் எங்களைப் போல அருவியிலிருந்து நேராக வந்தவர்கள். ஈரத்தலை, நல்லெண்ணெய் வாசனை, தோளில் துண்டு. ஏசி வேறு. திரையில் பனி விழ விழ இங்கே தும்மல். "ஏசியக் குறைக்கச் சொல்லுங்கவே, படத்துலேர்ந்து காத்து வருது" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார்.

படம் அழகு, மதினி. பொய் சொல்லக் கூடாது. பனிக்குள்ளிருந்து நீல வெளிச்சம் கசிகிறது. ஒற்றை மெழுகுவத்தி எரிந்தால் குடிலின் சுவர் முழுக்க மினுங்குகிறது. அவள் மூச்சுவிட்டால் அதுகூட அழகாகப் போகிறது. எனக்கு முன்னால் இருந்த பெண் செல்போனைத் தூக்கி அந்த நீலத்தைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தாள். நாவலில் ஏது இதெல்லாம்? மெழுகுவத்தியை மிச்சம் பிடிக்க அவள் இருட்டிலேயே மாவு பிசைவாள். இத்தனை பக்கத்தில் உள்ளேயிருந்து பனி என்ன நிறமென்று ஒரு வரிகூட இல்லை என்பதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். உள்ளே கிடக்கிறவளுக்கு நிறம் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அழகைப் பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோனது போல இருந்தது. எனக்கு மட்டும் மூச்சு முட்டியது. எழுந்து போகலாம் என்றால் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாரிச்செல்வி.

அவள் கரண்டியை எடுத்ததும் தியேட்டரே சிரித்தது. சோறு கிண்டுற கரண்டியாலயா என்றார்கள். அண்ணனும் சிரித்தான். நம் வீட்டுக் கரண்டியின் காம்பு இன்றைக்கும் வளைந்துதான் இருக்கிறது. அன்று காலையில்கூட அதில்தான் அவனுக்குச் சாம்பார் ஊற்றினேன்.

முடிவைத்தான் மாற்றிவிட்டார்கள். நாற்பது நாள் தோண்டியவள், இரண்டடி மிச்சமிருக்கும்போது கரண்டியைக் கீழே போட்டுவிடுகிறாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடுகிறாள். அழகான பாட்டு. மேலே ஒரு பொத்தல் விழுந்து வெளிச்சம் தூண் மாதிரி இறங்குகிறது. கயிற்றில் ஓர் ஆள் வந்து அவளைத் தூக்கிக்கொள்கிறான். வெள்ளை மலைகளுக்கு மேல் சிவப்பு ஹெலிகாப்டர். கைதட்டல், விசில். மாரிச்செல்வியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் சந்தோஷமாகத் திரும்பி அவள் அப்பாவிடம் சொன்னான். "பாத்தீங்களா மாமா, பொறுமையா இருந்தா ஆள் வரும்."

அவன் உங்களை நினைத்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படம் விட்டதும் பெண்கள் கழிப்பறையில் நீள வரிசை. நானும் மாரிச்செல்வியும் கடைசியில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, அந்தக் குடிலில் நம்மை ஒரு வாரம் விட்டால் போதும், ஒருத்தருக்கும் சமைக்க வேண்டாம் என்றாள். அங்கன போயும் மாவு பிசையத்தானே செய்தா என்றாள் மற்றவள். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய பிறகுதான் நீங்கள் இல்லை என்பது வந்தது.

அப்போது மாரிச்செல்வி என் தோளைத் தொட்டாள். "மதினி, நீங்க புத்தகமே படிச்சிருக்கீங்களாம், உங்க அண்ணன் சொன்னாவ. புத்தகத்துலயும் ஹெலிகாப்டர்தான் வருதா?"

உங்களை நான் கூப்பிட்ட வார்த்தையால் என்னை ஒருத்தி கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தோளில் அதே பை. இரண்டு வருஷமாக அந்தக் கட்டை நான் வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே வைப்பது?

"இல்ல. யாரும் வரல. அவளேதான் தோண்டி வெளிய வாரா. வலது கால்ல மூணு விரல் போயிருது. ஆனா வந்துருதா."

அவள் ஈரத்துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். வரிசை இரண்டு ஆள் நகர்ந்தது. பிறகு, அருவியில் கேட்டேனே, உங்களுக்குக் கேட்கவில்லை போல என்றாள். குரல் இறங்கிவிட்டது. "முன்னாடி இருந்த அக்கா உங்க வீட்டுல சந்தோசமா இருந்தாங்களா?"

அங்கேயும் ஒரு வாசலில் நின்று கேட்பது போலத்தான் கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆடி முடிய இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

சொல்லிவிட்டேன், மதினி. அண்ணன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை, உங்களுக்காக அழுதவன் என்பதிலிருந்துதான் ஆரம்பித்தேன், அது நியாயம் என்பதால். பிறகு ஒன்பது கட்டைச் சொன்னேன். அரிசி டிரம்மைச் சொன்னேன், கொண்டைக்கடலையைச் சொன்னேன். கொல்லத்து வேலையையும் வியாழக்கிழமையையும் சொன்னேன். நீங்கள் கேட்டதையும் நான் வாய் திறக்காததையும் சொன்னேன். முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைக் குறைக்கவில்லை. நானா அப்படி என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

பிறகு ஜிப்பைத் திறந்து கட்டை எடுத்துக் கொடுத்தேன். ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. நீங்கள் தைத்த நூல் அப்படியே இருந்தது. இதை மட்டும் படித்தால் புரியுமா என்று கேட்டாள். புரியும் என்றேன். ஈரத்துண்டில் படாமல் அவள் அதைத் தன் பைக்குள் தனியாக வைத்துக்கொண்டாள்.

வேனில் திரும்பும்போது எல்லாரும் படத்தைப் பற்றியே பேசினார்கள். ஒவ்வொரு காட்சியையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று யாரோ செல்போனில் பேசிய விமர்சனத்தை அண்ணன் போட்டுக் காட்டினான். மாட்டலாம்தான். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் அந்த வயலில் களை எடுக்கிறவளையா எடுக்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை வீரகேரளம்புதூரிலிருந்து போன் வந்தது. பிள்ளைக்கு இப்போது விருப்பம் இல்லையாம், வேலையை விட மனசில்லையாம், தப்பாக நினைக்க வேண்டாமாம். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தான். ரொம்ப நேரம் ஒரே ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பாவமாகத்தான் இருந்தது. அவனுக்கு நான் என்ன செய்தேன் என்று இன்னும் தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. குச்சியை ஊன்றி அடுப்படி வரைக்கும் வந்தாள். அவளிடம் என்னட்டி சொன்னாய் என்று கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்குல்லா வேலை குறைஞ்சிருக்கும், கூறுகெட்டவளே" என்றாள்.

உண்மைதான். கட்டு விஷயம் முழுவதையும் அவளிடமும் சொன்னேன். உன் மருமகள் போயிருப்பாளா என்று நீ நினைக்கிறாய் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "அவ போயிருப்பா. எனக்கு முன்கூட்டித் தெரிஞ்சிருந்தா நான் அந்தக் கரண்டியப் பிடுங்கி வச்சிருப்பேன்." சொல்லிவிட்டு வெந்நீர் கேட்டாள். வைத்துக் கொடுத்தேன். அவள் பொய் சொல்லாததற்காக அன்று அவள் காலைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துவிட்டேன்.

ஆடி முடிந்துவிட்டது. திருநெல்வேலிக்கு நான் போகவில்லை. காலையில் வாசலில் ரயில் சத்தம் கேட்கும்போது இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் இதே இடத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா?

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. குக்கரை ஏற்றியதும் முதல் கட்டிலிருந்து திரும்பவும் படிக்கிறேன், டிரம்முக்குப் பின்னால் வைக்காமல். அம்மா பார்க்கிறாள். வெந்நீர் கேட்கிறாள். இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்கிறேன். முடித்துவிட்டுத்தான் போகிறேன்.

மாரிச்செல்வி கட்டைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்று செய்தி போட்டிருக்கிறாள். வந்ததும் ஒன்பதையும் சேர்த்து, நீங்கள் தைத்த நூலை அறுக்காமலே மேலே ஒரு தையல் போட்டு, அடுப்படி அலமாரியில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைப்பேன். இந்த வீட்டுக்கு அடுத்து யார் வந்து கேட்டாலும் முடிவைச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். நானும் வெளியே வருவேன். எத்தனை விசில் ஆகும் என்று தெரியவில்லை. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். வெள்ளியும் சனியும் நீங்கள் திரும்பக் கேட்கவில்லை. நீங்கள் வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை, தலைவலி என்று சொல்லி நான் வீட்டில் இருந்தேன். கொல்லம் ரயில் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனது. நீங்கள் குக்கரில் கொண்டைக்கடலையைப் போட்டு மூடிவிட்டு, படிக்க ஒன்றும் இல்லாமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்